பள்ளி மூடிக் கிடக்கும்போது ஏழைப் பிள்ளையின் படிப்பு: டேப்லெட் வாங்கக் கிளம்பும் முன்

கேள்வி இது: “இன்னொரு பெருந்தொற்று வந்து பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டால், வசதியில்லாத பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகாமல் இருக்க எங்களைப் போல ஒரு பத்துப் பேர் என்ன செய்ய முடியும்? எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நிதி திரட்டி டேப்லெட் வாங்கிக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.”

இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு நிம்மதி. வாங்கிவிடாதீர்கள். பத்துப் பேர் இருக்கிறீர்கள், ஆளுக்கொரு போன் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படும் பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். 2020-இலும் 2021-இலும் பல நாடுகளில் பல விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அளந்தும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் நாமும் முதலிலிருந்து தடுமாற வேண்டியதில்லை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளியோ கல்லூரியோ மூடிக் கிடந்தது. இது யுனெஸ்கோவின் கணக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் யுனிசெஃப் இன்னொரு கணக்கை வெளியிட்டது: குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று எந்த வழியிலும் பாடம் போய்ச் சேர வாய்ப்பே இல்லை. அவர்களில் நான்கில் மூன்று பேர் கிராமத்திலோ மிக ஏழைக் குடும்பத்திலோ இருப்பவர்கள். டிசம்பரில் வந்த கணக்கு இதைவிட மோசம். 3 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 130 கோடிப் பேருக்கு வீட்டில் இணைய இணைப்பு கிடையாது.

இந்த எண்களைப் பார்த்ததும், கருவி இல்லாததுதான் குறை, கருவியைக் கொடுத்தால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நெதர்லாந்தில் நடந்ததைப் படித்த பிறகுதான் மனம் மாறியது. அங்கே கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நல்ல இணையம் உண்டு. பள்ளி மூடியதும் 8 வாரம்தான். பணமும் ஏற்பாடும் குறைவில்லாத நாடு. ஊரடங்குக்கு முன்னும் பின்னும் நடந்த தேர்வுகளை வைத்துச் சுமார் 3.5 லட்சம் தொடக்கப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்தபோது, ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கான படிப்பை அவர்கள் இழந்திருந்தது தெரிந்தது. பள்ளி மூடியிருந்த காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெளிப்படையாகச் சொன்னால், வீட்டிலிருந்தபடி படித்ததில் சராசரிப் பிள்ளை முன்னேறவே இல்லை. அதிகம் படிக்காத பெற்றோரின் வீடுகளில் இந்த இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். கருவி எல்லா வீட்டிலும் இருந்தது. இடைவெளி அப்படியும் விழுந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தானின் வடபகுதியில் பெரிய நிலநடுக்கம். அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடியிருந்தன. நான்கு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். வீடுகள் எழுந்துவிட்டன, வருமானம் திரும்பிவிட்டது, பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் நிலம் பிளந்து நகர்ந்த நிலநடுக்கக் கோட்டுக்கு அருகில் இருந்த பிள்ளைகள், தொலைவில் இருந்தவர்களைவிட ஒன்றரை ஆண்டுக்கு மேல் படிப்பில் பின்தங்கியிருந்தார்கள். 14 வார மூடலுக்கு ஒன்றரை ஆண்டு இழப்பு! வகுப்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அடிப்படை விட்டுப்போன பிள்ளை ஒவ்வொரு ஆண்டும் இன்னும் கொஞ்சம் பின்னால் போனது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். இந்த ஆய்வில் ஒரு விதிவிலக்கும் உண்டு. தொடக்கப் பள்ளிப் படிப்பையாவது முடித்த தாயின் பிள்ளைகளிடம் அந்த இழப்பே தென்படவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தாய், நிலநடுக்கத்தின் பாதிப்பையே தடுத்துவிட்டாள்.

ஆக, “இன்றைக்கு என்ன படித்தாய், கொண்டா பார்ப்போம்” என்று கேட்க வீட்டில் ஆள் இருந்த பிள்ளை தப்பியது. அப்படி ஆள் இல்லாத பிள்ளை மாட்டிக்கொண்டது. உங்கள் குழு நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்று பெரிய திட்டம் நடந்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்து, 15 மாதம் கழித்து அளந்தார்கள். கணினியைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டார்கள். கணக்கிலும் மொழியிலும் அசைவே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நன்கொடையாகப் போன கருவிகளின் கதையும் பல இடங்களில் இதேதான்: திரை உடைந்தது, டேட்டா தீர்ந்தது, அண்ணன் எடுத்துக்கொண்டான், அல்லது வீட்டுச் செலவுக்கு விற்றுவிட்டார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருமானம் நின்றுபோன வீட்டில் முதலில் எது விற்கப்படும் என்று நினைக்கிறீர்கள்?

இனி போனுக்கு வருகிறேன். ஸ்மார்ட்போனைச் சொல்லவில்லை. பொத்தான் வைத்த சாதாரண போன் போதும்.

போட்ஸ்வானாவில் 2020-இல் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் சில கணக்குகள் போயின. இன்னொரு பகுதியினருக்குக் குறுஞ்செய்தியோடு, வாரத்தில் 15 அல்லது 20 நிமிடம் ஒருவர் போனில் கூப்பிட்டுப் பேசினார். பெற்றோரிடம் பேசி, பிள்ளையையும் ஸ்பீக்கரில் வரச் சொல்லி, அந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால், குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. கூப்பிட்டுப் பேசிய வீடுகளில் பிள்ளைகளின் கணக்கு தெளிவாக முன்னேறியிருந்தது. பிறகு இதையே இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஐந்து நாடுகளில் பெரிய அளவில் செய்தார்கள். பலன் இன்னும் கூடியது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கூப்பிட்டாலும் தொண்டு நிறுவன ஊழியர்கள் கூப்பிட்டாலும் வேலை செய்தது.

வங்கதேசத்தில் கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாகக் கிராமத்துத் தாய்–பிள்ளை இணைகளை 13 வாரம், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போனில் வழிநடத்தினார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் தங்கியிருந்தது. தாய்மார்கள் பிள்ளையோடு உட்காரும் நேரமும் கூடியிருந்தது. எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் தன்னார்வலர் போன பிறகும் தாய் அங்கேதான் இருப்பாள். இத்தாலியில் மிலான் நகரப் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல், வசதி குறைந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று மணி நேரம் இணையத்தில் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கும் படிப்போடு பிள்ளைகளின் மனநிலையும் தேறியது.

பலிக்காத கதையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் விற்பனைப் பேச்சு பேசுவதாகிவிடும். சியரா லியோனில் அரசு வானொலிப் பாடத்துக்குத் துணையாக ஆசிரியர்கள் பிள்ளைகளைப் போனில் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் படிப்பில் ஈடுபட்டார்கள். ஆனால் தேர்வு வைத்தபோது மொழியிலும் சரி, கணக்கிலும் சரி, மாற்றமே இல்லை. ஏன் இப்படி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நான் எடுத்துக்கொள்வது இது: கூப்பிடுவது மட்டும் மருந்தாகிவிடாது. பலித்த இடங்களில் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே போய், ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அது வரும்வரை விடாமல் இருந்தார்கள். வகுப்புப் பாடத்தின் பின்னால் ஓடினால் பேச்சுத்தான் மிஞ்சும்.

அதனால் உங்கள் முதல் வேலை, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிப்பது. பத்து நிமிட வேலைதான். வாசிப்புக்கு எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை என்று நாலு படி. கணக்குக்கு ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று நாலு படி. எந்தப் படியில் தடுமாறுகிறதோ அங்கே தொடங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் படியில் நிற்கும். அதிர்ச்சியடையாதீர்கள், முக்கியமாக அதைப் பிள்ளைக்கோ தாய்க்கோ தெரியும்படி குரலில் காட்டாதீர்கள். வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு இப்படி நிலை பார்த்துக் குழுவாக்கிக் கற்பிக்கும் முறையை இந்தியாவில் பிரதம் அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. பெருந்தொற்றுக்கு முன்பே பல நாடுகளுக்குப் போய்விட்ட முறை அது. போனில் வாசிப்பைச் சோதிப்பது மட்டும் சிரமம். கையில் தாள் இல்லாமல் முடியாது. கணக்கு போனுக்கு நன்றாக ஒத்துவரும். அதனால்தான் இந்தச் சோதனைகளில் பல கணக்கை எடுத்துக்கொண்டன.

எப்போது கூப்பிடுவது? இங்கேதான் பல குழுக்கள் சறுக்குகின்றன. வீட்டில் ஒரே போன். அது வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையில் போய்விட்டு இரவுதான் திரும்பும். நாம் பகல் 11 மணிக்குக் கூப்பிட்டுவிட்டு “எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள், அக்கறையே இல்லை” என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். நான் பார்த்த ஒரு குழுவில், எடுக்காத வீடுகளின் பட்டியல் என்று ஒன்று நீண்டுகொண்டே போனது. நேரத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றியதும் அதில் பெரும்பகுதி காணாமல் போனது. எந்த நாள், எத்தனை மணி என்று அந்த வீட்டையே கேளுங்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுங்கள். எண் மாறினால் பிடிக்க, பக்கத்து வீட்டு எண் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இருபது நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்று கேட்டால், என் கணக்கில் முதல் மூன்று நிமிடம் பெரியவரோடு: வேலை எப்படி, உடம்பு எப்படி, பிள்ளை சாப்பிட்டதா. இதை மரியாதைக்காகக் கேட்பதோடு நிறுத்தாமல், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளை. போன வாரம் கொடுத்ததில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். விடை தப்பாக இருந்தால் உடனே திருத்தாமல் “எப்படிப் போட்டாய் என்று சொல்லு” என்று கேளுங்கள். தப்பு எங்கே புகுந்தது என்பது அந்த விளக்கத்தில்தான் வெளியே வரும். புதிதாக ஒரே ஒரு விஷயம். அதில் இரண்டு கணக்கு சேர்ந்து, இரண்டு கணக்கு தானாக. கடைசியில் மறுபடி பெரியவரோடு ஒரு நிமிடம்: இந்த வாரம் தினமும் இதை மட்டும் கேளுங்கள் என்று ஒரே ஒரு வேலை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் செய்ய முடிகிற வேலையாக அது இருக்க வேண்டும். “இருபதிலிருந்து பின்னாலே எண்ணச் சொல்லுங்கள்”, “வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கதை என்ன என்று அப்புறம் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.” தனக்குப் படிப்பு வராது, தன்னால் என்ன ஆகும் என்று ஒதுங்கி நிற்கும் தாய்க்கு, இந்தச் சின்ன வேலை ஒரு பிடிமானம்.

ஒரு ஆளுக்கு நாலு அல்லது ஐந்து பிள்ளைக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் என்றால் நாற்பது, ஐம்பது பிள்ளைகள். இதைக் கேட்டால் “அவ்வளவுதானா” என்றுதான் முதலில் தோன்றும். ஐந்நூறு பேருக்குத் தாள் அனுப்பியதாகப் படம் போடுவதைவிட ஐம்பது பேருக்குக் கழித்தல் வந்துவிட்டது என்பது எனக்குப் பெரிது. காலத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எட்டு வாரம், அல்லது பன்னிரண்டு வாரம். தன்னார்வலர் ஆறாம் வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவது ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பள்ளி ஏற்கெனவே அப்படித்தான் ஒருநாள் திடீரென்று நின்றுபோயிருக்கிறது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இதைச் சொல்லத் தயங்குவார்கள், நான் தயங்கப் போவதில்லை. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ஒரு குழந்தையோடு வாராவாரம் பேசுவது என்பது ஆபத்துக்கும் வழிவிடக்கூடிய ஏற்பாடு. அழைப்பு எப்போதும் ஸ்பீக்கரில், வீட்டுப் பெரியவர் கேட்கும் தூரத்தில். பிள்ளையின் சொந்த எண்ணுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. தன்னார்வலராக வருபவரைப் பற்றி விசாரிக்காமல் சேர்க்கக் கூடாது. குழுவில் ஒருவர் மாதம் ஒருமுறை எல்லா வீட்டையும் கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் பொருளை வாங்கும் படத்தை எங்கும் போடாதீர்கள். நாளைக்கு அதே பிள்ளை வகுப்புக்குத் திரும்பி மற்றவர்களோடு உட்கார வேண்டும்.

போனுக்கு அடுத்தபடி தாள். அச்சிட்ட பயிற்சித் தாள், நாலைந்து கதைப் புத்தகம், ஒரு நோட்டு, பென்சில். பணத்தை இதில் போடுங்கள், வீண்போகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுத்து, பழையதை வாங்கித் திருத்தி, பெயர் சொல்லி இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்தாமல் போகும் தாள் இரண்டாம் முறை எழுதப்படாது. கதைப் புத்தகம் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் இருக்கட்டும். பள்ளி மொழி வேறு என்றால் அது பிறகு வரட்டும்.

வானொலியும் தொலைக்காட்சியும் உங்கள் கையில் இல்லை, ஆனால் அவற்றின் மேல் ஏறிப் பயணம் செய்யலாம். இது நேற்று வந்த யோசனையும் கிடையாது. 1937 செப்டம்பரில் போலியோ பரவியதால் சிகாகோவில் பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியில் 15 நிமிடப் பாடங்கள் போயின; எந்தப் பாடம் எப்போது, என்ன கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அன்றன்றைய நாளிதழில் வந்தது; சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வானொலிப் பெட்டி இல்லாத வீடும் அலை சரியாக எட்டாத வீடும் அன்றைக்கே விட்டுப்போயின. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வேகமாக ஓடிவிட்டது என்ற குறையும் எழுந்தது. எண்பத்து மூன்று ஆண்டு கழித்து அதே குறையை உலகம் முழுக்கக் கேட்டோம். அரசு ஒலிபரப்பு இருந்தால், நேர அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுங்கள், பாடம் முடிந்த அன்றைக்கே கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். அவ்வளவு போதும்.

நோய் பரவும் விதத்தையும் அப்போதைய விதிகளையும் பொறுத்து, திறந்தவெளியில் சிறு குழுவாக உட்கார முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. காசநோய்க் காலத்தில் 1904-இல் பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்க்கில் காட்டுக்குள் ஒரு திறந்தவெளிப் பள்ளி தொடங்கினார்கள். அது ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவியது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே தன்னார்வலர்கள் வந்து மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அங்கேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவந்தது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது என்றும் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி, பெரிய இழப்பும் மீளும், ஆனால் உடனே பிடித்தால் மீளும் என்பது.

ஒரு விஷயத்தில் நீங்கள் தனியாக நிற்க முடியாது: பசி. பள்ளி மூடியபோது பள்ளி உணவும் நின்றது. 2020-இல் அப்படி உணவை இழந்த பிள்ளைகள் சுமார் 37 கோடி என்று உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. அழைப்பின் முதல் மூன்று நிமிடத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கச் சொன்னேன் அல்லவா, அது இதற்குத்தான். வீட்டில் உணவு இல்லை என்று தெரிந்தால் அந்த வாரம் பாடத்தை விடுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அரசு என்ன தருகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சேர்த்துவிடுங்கள். அதற்கும் ஒரு பங்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடப்பது. பதினொன்று, பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பலர் பள்ளி திறக்கும்போது வரவே மாட்டார்கள். பையன் வேலைக்குப் போயிருப்பான், பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்திருக்கும், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவளை வீட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். எபோலா பரவியபோது சியரா லியோனில் 2014 நடுவில் மூடிய பள்ளிகள் 2015 ஏப்ரலில்தான் திறந்தன. நோய் கடுமையாகத் தாக்கிய கிராமங்களில் இளம்பெண்கள் படிப்பை விடுவது கூர்மையாக உயர்ந்தது. ஆனால் பெண்கள் கூடிப் பேசவும் கற்கவும் மன்றங்கள் இருந்த கிராமங்களில் அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதே நாட்டில் கருவுற்ற மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது என்று ஒரு தடையும் இருந்தது. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் அதைத் தவறு என்று தீர்ப்பளித்த பிறகு, 2020 மார்ச்சில்தான் நீக்கினார்கள். பெரிய பிள்ளைகளோடு பேசுபவர்கள் பாடத்தைக் குறைத்துக்கொண்டு, “பள்ளி திறந்ததும் போவாய்தானே” என்ற பேச்சை ஒவ்வொரு வாரமும் உயிரோடு வைத்திருங்கள். தயக்கம் தெரிந்தால், காரணத்தைப் பெற்றோரிடம் பொறுமையாகக் கேளுங்கள். சில நேரம் அது கட்டிமுடிக்காத பழைய கட்டணமாக இருக்கும், சில நேரம் சின்னதாகிப் போன சீருடையாக இருக்கும். டேப்லெட்டுக்கென்று நினைத்த பணம் இங்கே ஒரு பிள்ளையைப் பள்ளிக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

கேட்கவோ பார்க்கவோ இயலாத பிள்ளைகளுக்கு நான் மேலே சொன்ன பலவும் பொருந்தாது. காது கேளாத பிள்ளைக்குப் போனில் என்ன செய்வீர்கள்? அவர்கள் விஷயத்தில்தான் கருவி நியாயமான முதல் செலவு: திரையில் சைகை மொழியில் பேச, எழுத்தைப் பெரிதாக்க, ஒலியாகக் கேட்க. அந்தப் பிள்ளையின் சிறப்பாசிரியரைக் கேட்டு, அவர் சொல்வதை வாங்குங்கள்.

பள்ளி திறக்கும் நாளோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக் குழுவைக் கலைப்பதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்த்த பிழை. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எல்லா வகுப்புக்குமாக முழுதாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்றுதான். முதல் வகுப்பில் விட்டுப்போன பிள்ளை எழுத்தே தெரியாமல் அடுத்தடுத்த வகுப்பில் உட்காரும் நிலை. ஆசிரியருக்கோ அந்த வகுப்புக்குரிய பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி. அப்போது அந்த ஐம்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இன்னும் மூன்று மாதம், வாரம் இரண்டு மாலை வேண்டும். பழைய படியிலிருந்து, புதிய பாடத்தைத் தொடாமல். உங்கள் கையில் இருக்கும் அந்தப் பத்து நிமிடச் சோதனைக் குறிப்புகளை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் அவருக்கும் பெரிய உதவி. குறை சொல்லும் தோரணையில் கொடுக்காதீர்கள். அவரும் அந்த மூடிய காலத்தைக் கடந்துதான் வந்திருப்பார்.

இனி, இப்போதைக்கு என்ன செய்யலாம் என்றால், பள்ளி திறந்திருக்கும்போதே ஓர் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மூடிய பிறகு பிள்ளைகளைத் தேடி அலைவதில்தான் எல்லாக் குழுக்களும் முதல் மாதத்தைத் தொலைத்தன. எந்தப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் வழியாகப் பெற்றோரின் சம்மதத்தோடு நாற்பது வீட்டின் எண்கள், அந்த வீட்டில் போன் யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்கு இருக்கும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை அந்த எண்கள் வேலை செய்கின்றனவா என்று கூப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் வரும் கோடை விடுமுறையிலேயே ஐந்து பிள்ளைகளோடு எட்டு வாரம் ஒத்திகை பாருங்கள். யாருக்கு இந்த வேலை பிடிக்கிறது, யார் மூன்றாம் வாரமே சாக்குச் சொல்கிறார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.